கரிக்கோச்சிக்கு எங்கே நிற்பது

நெளுக்குளம், வவுனியா,
பங்குனி 2008

தம்பி,

போன ஞாயிறு போன் எடுத்தபோது நீ என்னிடம் இரண்டு கேள்வி கேட்டாய். முதலாவது கரிக்கோச்சி பற்றியது. நீ இருக்கும் ஊருக்குப் பக்கத்தில் சனி ஞாயிறுகளில் பழைய நிலக்கரி என்ஜின் பூட்டிய ரெயில் ஒன்றைச் சனம் பார்ப்பதற்கென்றே ஓட்டுகிறார்கள் என்றாய். நீயும் நீ கட்டப்போகிற பிள்ளையும் போய் முப்பது படம் எடுத்தீர்களாம். பாதியில் வெறும் புகை, மீதியில் என்ஜின் கறுப்புக் கட்டியாக நிற்கிறதாம். சொல்லிச் சிரித்துவிட்டு, "எங்க நிண்டு எடுக்கிறதப்பா?" என்று கேட்டாய். எழுதி அனுப்புகிறேன் என்றேன். இரண்டாவது கேள்வியை நீ சிரிக்காமல் கேட்டாய். "சோதனைச் சாவடியில என்னைப் பிடிச்ச அண்டைக்கு, நீங்கள் எனக்கு முன்னால அங்கால போயிட்டீங்கள்தானே அப்பா?" நான் "ஓம்" என்றேன். நீ "சரி" என்றாய். பிறகு இங்கே வெயில் எப்படி என்று விசாரித்தாய். அந்த "ஓம்" ஒரு கிழமையாக என்னை விடவில்லை. அதனால் இந்தக் கடிதம் இரண்டு கேள்விக்குமானது. முதலாவதில் தொடங்குகிறேன், அதற்கு எனக்குப் பதில் சுலபமாக வரும்.

எழுத நேரத்துக்குக் குறைவில்லை. உன் பெரியம்மா வீட்டுப் பக்க அறையில்தான் இன்னும் இருக்கிறேன். அம்மாவின் சத்திரசிகிச்சைக்காக ஒரு கிழமை என்று கிளிநொச்சியிலிருந்து வந்து, சண்டை தொடங்கிப் பாதை பூட்டுப்பட்டு, அம்மாவும் எங்களை விட்டுப் போய், இப்போது ஒன்றரை வருடம் கழிந்துவிட்டது. பெரியம்மா மூன்று நேரமும் சாப்பாடு தருகிறா. பெரியப்பா பின்னேரம் கடை பூட்டி வந்தால் செய்தி கேட்பார், பிறகு படுத்துவிடுவார். என்னோடு கதைக்க அவர்களிடம் ஒன்றுமில்லை, அது அவர்களுடைய குற்றமுமில்லை. வைகாசியில் உன் கல்யாணம். கொழும்புக்குப் போகவே இங்கே பாஸ் எடுக்க வேண்டும், அதற்கு அப்பால் விசா இருக்கிறது, அறுபத்தைந்து வயதில் எனக்கு அதெல்லாம் நடக்கப் போவதில்லை. மேடையில் என் இடத்தில் நிற்கப் போகிறவர் பெண்ணின் சித்தப்பா என்று சொன்னாய். நல்ல மனுசனாக இருக்கட்டும். எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது.

சரி, கோச்சிக்கு வருவோம். நீ செய்த பிழை எனக்குப் படத்தைப் பார்க்காமலே தெரியும். ஸ்டேசனில் நின்று எடுத்திருப்பாய். எல்லோரும் அங்கேதான் நிற்பார்கள், அது கொண்டாட்டமான இடம், படத்துக்கு உதவாத இடம். ஸ்டேசனுக்குள் வருகிற என்ஜின் களைத்துப் போய் வருகிறது, நீராவியை நிறுத்திவிடுவார்கள், புகையும் இராது. வெளிக்கிடுகிற என்ஜினைப் பிடிக்க வேண்டும். ஸ்டேசனைத் தாண்டி அரை மைல் நட. தண்டவாளம் கொஞ்சம் ஏறுகிற இடத்தைத் தேடு. ஏற்றத்தில்தான் அது மூச்சு வாங்கும். வன்னி தட்டையான ஊர். இங்கே ஏற்றம் என்று ஒன்றைக் கண்டுபிடிக்க நான் தண்ணீர் ஓடுகிற திசையைப் பார்த்தேன், நீர்ப்பாசனக் கந்தோரில் வாய்க்கால் வேலை மேற்பார்க்கிற ஓவசியராக இருந்தவனுக்கு அது கைப்பழக்கம். உனக்கு அங்கே குன்றும் பள்ளமும் இருக்கும், கஷ்டமில்லை. அடுத்தது வளைவு. வளைவின் வெளிப்பக்கம் நின்றால் என்ஜினும் பெட்டிகளும் ஒரே படத்தில் வரும். வெயில் உன் முதுகில் விழ வேண்டும். அந்தக் கறுப்புக் கட்டி ஏன் வந்தது தெரியுமா? வெயிலுக்கு எதிரே நின்று எடுத்திருக்கிறாய். காலைக் குளிர் நல்லது, புகை வெள்ளையாகத் திரண்டு நிற்கும், அந்த ஒரு விஷயத்தில் உன் ஊர் என் ஊரை விடத் திறம். ஆள் தெரியாமல் ஒரு புதரோடு ஒதுங்கி நில். டிரைவர் கமராவைக் கண்டால் பல்லைக் காட்டிக்கொண்டு கையை ஆட்டத் தொடங்கிவிடுவார்.

காற்றையும் பார்த்துக்கொள். இதை நான் உன் அம்மாவிடம் படித்தேன். கல்யாணம் முடிந்து நாலாம் நாள் அவவைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு மாங்குளத்துப் பக்கம் கரிக்கோச்சி பார்க்கப் போனேன். புதுச் சேலை, பொன்மஞ்சள் நிறம். நான் இடம், வெயில், வளைவு எல்லாம் பார்த்தேன், காற்றை மட்டும் பார்க்கவில்லை. கோச்சி போன பிறகு பார்த்தால் மனுசியைக் காணவில்லை, புகைக்குள் நின்று இருமுகிறா. சேலை முழுதும் கரித்தூள், முந்தானையில் நெருப்புப் பொறி விழுந்து மூன்று ஓட்டை. "கோச்சியைக் கட்டியிருக்கலாம்தானே, என்னை ஏன் கட்டினனீங்கள்?" என்று கேட்டா. திரும்பி வருகிற பன்னிரண்டு மைலும் வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அன்றே சொன்னேன், பிழை என்னுடையது, காற்றைப் பார்க்கவில்லை என்று. அவவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வயதில் பிழையை அன்றைக்கே ஒப்புக்கொள்ளத் தெரிந்திருந்தது எனக்கு. நீ கல்யாணம் கட்டப் போகிறாய் என்பதால் சொல்கிறேன், உன் பிழையால் அந்தப் பிள்ளையின் சேலை பொசுங்கினால் வீட்டுக்கு வந்தவுடன் சொல்லிவிடு. அடுத்த நாள் சொல்வது கஷ்டம். ஐந்து வருடம் கழித்துச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று கீழே தெரியும்.

சமாதானம் வந்து பாதை திறந்த வருடத்தை நினைத்துப் பார். உனக்குப் பத்தொன்பது வயது. கோச்சி நின்று பன்னிரண்டு வருடம், தண்டவாளமும் இல்லை, சிலிப்பர்க் கட்டையும் இல்லை, எல்லாம் பதுங்குகுழிக்குப் போய்விட்டது. மண் அணை மட்டும் பற்றைக்குள் கிடந்தது. மிதிவெடி எடுத்து முடித்த துண்டுகளில் நாம் இரண்டு பேரும் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தோம். கோச்சி திரும்பி வரும், வந்தால் என்றாவது ஒரு கரிக்கோச்சியும் வரும், அப்போது எங்கே நிற்பது என்று நான் இடம் குறித்தேன். மதகிலிருந்து இத்தனை எட்டு, எந்தப் பக்கம் மேடு, எத்தனை மணிக்கு வெயில் எங்கே விழும், மறைவுக்கு என்ன உண்டு, எல்லாம் ஒரு கொப்பியில் எழுதி வைத்தேன். உன் அம்மா குசினிக்குள் நின்று சத்தம் போடுவா. "வராத கோச்சிக்கு இடம் பிடிக்கிறியள். சங்கக் கடையில வரிசைக்கு ஒரு இடம் பிடிச்சா அரிசியாவது வரும்." என் சீவியத்தில் நான் சந்தோசமாக இருந்த மாதங்கள் அவை. நீ எட்டுக்களை எண்ணிச் சொல்வாய், நான் எழுதுவேன்.

ஒவ்வொரு இடத்துக்கும் நான் ஒரு இலக்கம் போட்டு, "பொயின்ற் ஒன்று", "பொயின்ற் இரண்டு" என்று எழுதினேன். கந்தோரில் வாய்க்காலுக்கு மட்டம் பார்த்துக் கட்டை அடிக்கும்போது அப்படித்தான் எழுதுவோம், முப்பது வருடப் பழக்கம். ஒருநாள் நீ கொப்பியை வாங்கிப் பார்த்துவிட்டு முகம் மாறி, "அப்பா, பொயின்ற் எண்டு எழுதாதேங்கோ. இப்ப பொயின்ற் எண்டா சென்ரி நிக்கிற இடம். ஆரும் கண்டா என்ன நினைப்பினம்? இடம் எண்டு எழுதுங்கோ" என்றாய். உனக்குத் தெரிந்திருந்தது. எந்தப் பக்கத்து ஆட்கள் துவக்கோடு நின்றாலும் அந்த இடத்துக்கு வன்னி முழுவதும் அப்போது அந்தப் பெயர்தான். நான் என்ன சொன்னேன்? "இடம் எண்டு காணி விக்கிறவன்தான் எழுதுவான். உனக்கு மட்டம் பாக்கத் தெரியுமோ, கதைக்க வந்திட்டாய்" என்று நக்கலடித்தேன். கெடுகுடி சொற்கேளாது என்பார்கள். நான் சொல்லையும் கேட்கவில்லை, சொன்னவனையும் மதிக்கவில்லை. நீ கொப்பியைத் திருப்பித் தந்தாய்.

அடுத்த வருடம் அந்தச் செய்தி வந்தது. உல்லாசப் பிரயாணிகளை ஏற்றிக்கொண்டு ஒரு கரிக்கோச்சி, தெற்கிலிருந்து தண்டவாளம் மிஞ்சிக் கிடந்த வவுனியா வரைக்கும் வரப் போகிறதாம். பெரியப்பா சொல்லியனுப்பினார். வவுனியாவுக்குத் தெற்கேயும் போய்ப் பார்த்து இரண்டு மூன்று பொயின்ற் எழுதி வைத்திருந்தேன், எனக்கு நித்திரை வரவில்லை. முதல் நாளே போய்ப் பெரியம்மா வீட்டில் தங்குவது என்று நாம் இருவரும் வெளிக்கிட்டோம். உனக்குத் தெரியாத கதை இனித்தான். அன்று விடிய நீ கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தாய். நான் இரண்டு பையையும் அடுக்கினேன். கமரா என் பையில் இருந்தது. கொப்பியையும் அதற்குள் வைத்தேன். வைத்துவிட்டு யோசித்தேன், கமராவும் இப்படி ஒரு கொப்பியும் ஒரே பையில் இருந்தால் சாவடியில் கேள்வி வரும் என்று. கொப்பியை எடுத்து உன் சாரத்துக்கும் துவாய்க்கும் நடுவில் செருகினேன். உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் நீ வீட்டில் வைத்துவிட்டு வரச் சொல்வாய். ஆகவே, தம்பி, பயம் எனக்கு முதலே வந்திருந்தது. நீ சொன்னதன் அர்த்தம் எனக்கு விளங்கித்தான் இருந்தது. விளங்காதவன் போல ஐந்து வருடம் நடித்திருக்கிறேன்.

சாவடியில் எல்லோரையும் பஸ்ஸால் இறக்கினார்கள். ஆண்களுக்கு ஒரு வரிசை. நீ இளந்தாரி, கால் வீச்சில் முன்னுக்குப் போய்விட்டாய், நமது பஸ்ஸில் முதலாவதாக மேசைக்குப் போனவன் நீதான். நான் உனக்கு அடுத்ததாக வந்தேன். அப்பனும் மகனும் ஒன்றாக நின்றால் கமராவையும் கொப்பியையும் சேர்த்துப் பார்ப்பார்கள் என்று மனதில் ஓடியது. செருப்பு வாரைச் சரிசெய்கிறவன் மாதிரிக் குனிந்தேன். மூன்று பேர் என்னைத் தாண்டிப் போனார்கள். நிமிர்ந்தபோது உன் பையை மேசையில் கொட்டிவிட்டார்கள். தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவர் கொப்பியை விரித்து உரத்து வாசித்தார். "பொயின்ற் ஆறு. மேட்டில் நின்றால் இரண்டு பக்கமும் அரை மைல் தெரியும். காலையில் வெயில் முதுகுக்குப் பின்னால். ஆள் தெரியாமல் நிற்கப் புதர் உண்டு." என் எழுத்து. என் வசனம். அந்த வாயால் கேட்டபோது எனக்கே அது கோச்சிக்கு எழுதினதாகத் தெரியவில்லை. அவர் கொப்பியை மூடிவிட்டு, "இது யாருடைய கொப்பி?" என்று கேட்டார்.

நீ கொஞ்சம் பொறுத்தாய். அவ்வளவு நேரம் இருந்தது எனக்கு. "என்ர" என்று சொல்ல ஒரு மூச்சுப் போதும். ஓவசியர், பென்சன்காரன், பேர் போன கோச்சிப் பைத்தியம், கமராவையும் எடுத்துக் காட்டி விளங்கப்படுத்தியிருக்கலாம். நான் வாய் திறக்கவில்லை. நீ திரும்பிப் பார்க்காமல் "என்ர கொப்பி" என்றாய். உன்னைப் பக்கத்துக் கொட்டிலுக்குக் கூட்டிப் போனார்கள். வரிசை நகர்ந்தது, நானும் நகர்ந்தேன். என் பையில் கமராவைக் கண்டு எதற்கு என்று கேட்டபோது, கல்யாண வீட்டில் படம் எடுக்க என்றேன். விட்டுவிட்டார்கள். கொட்டில் வாசலைத் தாண்டித்தான் பாதை. உன் செருப்பு வெளியே கிடந்தது. பார்த்துக்கொண்டே தாண்டிப் போனேன்.

பதினொரு நாள் உன்னை விடவில்லை. பெரியப்பா யார் யாரையோ பிடித்து அலைந்தார், நான் அவர் பின்னால் திரிந்தேன். இரண்டாம் நாள் காலை நாங்கள் சைக்கிளில் ஒருவரைச் சந்திக்கப் போகும்போது ரெயில்வே கேற் பூட்டிக் கிடந்தது. சங்கு கேட்டது. கரிக்கோச்சி. பத்து அடி தூரத்தில் என் முன்னால் போனது, ஜன்னல்களில் வெள்ளைக்காரர் கையசைத்தார்கள். என் கை தானாகத் தோளில் கிடந்த பையைத் திறந்து கமராவைத் தொட்டுவிட்டது. பெரியப்பா என் கையைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். அவர் என்னோடு அதிகம் கதைக்காததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அதற்குப் பிறகு நான் கமராவைத் தொடவில்லை.

அம்மாவுக்கு நான் சொன்ன பொய்யை நீ அறிவாய். நான் முன்னால் போய்விட்டேன், பின்னால் என்ன நடந்தது என்று தெரியாது, கொப்பியை அவன் ஏன் எடுத்து வந்தான் என்றும் தெரியாது என்று சொன்னேன். நீ மெலிந்து, ஒரு காது சரியாகக் கேட்காமல் வந்து சேர்ந்த அன்று அம்மா அழுதுகொண்டே உன்னை ஏசினா. "அப்பான்ர கொப்பியை அவரைக் கேக்காமல் ஏன்ரா காவினனீ? அவர் முன்னால போயிட்டார், பின்னால உனக்கு ஆர் இருக்கினம்?" நான் கதிரையில் இருந்தேன். நீ என்னைப் பார்க்கவில்லை. "ஓமம்மா, அப்பா முன்னால போயிட்டார். நான்தான் தெரியாமல் கொண்டு போனனான்" என்றாய். இரண்டு வருடத்தில் நீ வெளிநாடு போனாய். அம்மா கடைசி வரைக்கும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தும் அதையே சொன்னா, "பெடியன் அந்தக் கொப்பியை எடுக்காமல் விட்டிருந்தா என்னோட இருந்திருப்பான்" என்று. அப்போதும் நான் சொல்லவில்லை. அவவிடம் சொல்ல இனி வழியில்லை. இது என்னோடு கிடக்கட்டும், இதை நீ சுமக்காதே.

நீ அன்று திரும்பிப் பார்க்கவில்லை என்பதை வைத்துத்தான் இத்தனை வருடம் நித்திரை கொண்டேன். பார்க்காதவனுக்கு நான் பின்னால் நின்றது தெரியாது என்று. போன ஞாயிறு நீ கேட்ட பிறகுதான் அதை ஒழுங்காக யோசித்தேன். மேசையில் முதல் ஆள் நீ. உனக்கு முன்னால் யாருமே போகவில்லை, நான் எப்படிப் போயிருப்பேன்? நீ திரும்பியிருந்தால் உன் கண் போகிற இடத்தை அவர்களும் பார்த்திருப்பார்கள். அதற்காகத்தான் திரும்பவில்லை. இருபது வயதுப் பெடியன் நீ ஒரு மூச்சு நேரத்தில் அதை யோசித்தாய், எனக்கு ஐந்து வருடம் பிடித்தது. தெரிந்துகொண்டே அம்மாவிடம் என் பொய்யைக் காப்பாற்றினாய். தெரிந்துகொண்டேதான் போன ஞாயிறும் கேட்டாய், கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தரம் நான் உண்மை சொல்கிறேனா என்று பார்க்க. நான் "ஓம்" என்றேன், நீ "சரி" என்று விட்டுவிட்டாய்.

சரியில்லை, தம்பி. கொப்பியை உன் பையில் வைத்தது நான். நான் முன்னால் போகவில்லை. உனக்குப் பின்னால் நாலாவது ஆளாக நின்றேன், அவர் கேட்டது எனக்குக் கேட்டது, நீ சொன்னதும் கேட்டது. மன்னிக்கச் சொல்லி எழுத இரண்டு தரம் தொடங்கி இரண்டையும் வெட்டிவிட்டேன், கேட்கிற தகுதி வந்தால் கேட்பேன். இந்தக் கடிதத்தை அந்தப் பிள்ளைக்கும் வாசித்துக் காட்டு, எப்படிப்பட்டவனுக்கு மருமகளாக வருகிறா என்று அவவுக்குத் தெரிய வேண்டும். ஞாயிறுகளில் நீ எடுக்கிற நேரத்துக்கு நான் போனுக்குப் பக்கத்தில் இருப்பேன். எடுக்காவிட்டாலும் இருப்பேன்.

அப்பா